கோதுமையை நிறுத்தும் முன்: குழந்தைக்கு சீலியாக் சந்தேகம் என்றால் எந்த ரத்தப் பரிசோதனை?

"அக்கா, டாக்டர் டிடிஜினு ஒண்ணு எழுதியிருக்காரு. மெயின் ரோடு லேப்ல கேட்டா, அஞ்சு டெஸ்ட் சேர்ந்த பேனல் இருக்கு, அதையே எடுத்துக்குங்கன்றாங்க. எங்க மாமியார், டெஸ்டே வேணாம், முதல்ல சப்பாத்தியையும் பிஸ்கட்டையும் நிறுத்திப் பாருன்றாங்க. நான் எதைத்தான் பண்றது?"

தண்டையார்பேட்டையிலிருந்து நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய் போன மாதம் என்னிடம் கேட்டது இது. குழந்தைக்கு வயிறு உப்பியிருந்தது, கைகால் குச்சியாக இருந்தது. ஆறு மாதமாக இரும்புச்சத்து சிரப் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வட சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ரத்தம் எடுக்கும் கவுண்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்த கேள்வி, இப்போது மாதம் தவறாமல் வருகிறது. அதனால்தான் நிதானமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் மருத்துவர் இல்லை, லேப் டெக்னீஷியன். நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர் குழந்தை மருத்துவர். ஆனால் எந்த நிலையில் எடுத்த ரத்தம் நம்பும்படியான பதிலைத் தரும், எந்த ரிப்போர்ட் குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பது எங்கள் வேலைக்குள் வருகிற விஷயம். அதை மட்டும் சொல்கிறேன்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறோம்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ள குழந்தை அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சுகிற நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, உயரம் கூடாமை, தீராத ரத்தசோகை எல்லாம் அதன் விளைவு. சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்குப் பதிலாக மலச்சிக்கல் வரும். சிலருக்கு வயிற்றுத் தொந்தரவே இருக்காது, பருவமடைவது மட்டும் தள்ளிப்போகும். இதை அலர்ஜி என்று சொல்கிறார்கள். அது சரியில்லை, இது ஒரு தன்னெதிர்ப்பு நோய். குடலுக்குள் நடக்கும் இந்தச் சண்டையில் உருவாகும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. நாங்கள் தேடுவது அவற்றைத்தான்.

ரொட்டிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். ரொட்டி மீது அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போர்ப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது, ஊரெல்லாம் வாடியிருக்க அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அதை ஆய்வேடாகவே எழுதினார். மாமியார் சொல்கிற "நிறுத்திப் பாரு" என்ற யோசனையும் அதே வழிதான். ஆனால் டிக்கேயின் காலத்தில் இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்று இருக்கிறது. அந்தப் பரிசோதனை வேலை செய்ய வேண்டுமென்றால் குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டால் ஆன்டிபாடி மெல்லக் குறையும், ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும், நோய் இருந்தாலும் பிடிபடாது.

எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் பார்க்கலாம். குழந்தை இப்போது கோதுமை சாப்பிடுகிறதா? இந்தப் பரிசோதனை நோயைத் தவறவிடுமா, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுமா? குழந்தையின் வயதும், ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையின் அளவும் அதற்கு ஒத்துவருமா? ரிசல்ட் வந்த பிறகு ஒரு முடிவு எடுக்க முடியுமா, இன்னொரு பரிசோதனைக்குத்தான் ஓட வேண்டுமா? பணம், அலைச்சல், குழந்தைக்கு மறுபடி ஊசி என்று மொத்தச் செலவு என்ன?

இவற்றில் நான்காவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ரிசல்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றால் அந்தப் பரிசோதனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்.

முதல் வழி: டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ

சீலியாக்கில் உடல் தாக்குவது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியை என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். அந்த நொதிக்கு எதிரான ஐஜிஏ வகை ஆன்டிபாடியை அளப்பதுதான் டிடிஜி ஐஜிஏ. இயந்திரத்தில் ஓடுகிற பரிசோதனை, எண்ணாகப் பதில் வரும், பெரும்பாலான லேபுகளில் உண்டு. நோயைத் தவறவிடுவது குறைவு. எஸ்ப்கான் என்ற ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும், எந்த வயதுக் குழந்தையானாலும் இதையும் மொத்த ஐஜிஏவையும் சேர்த்து முதலில் எடுக்கச் சொல்கிறது.

அந்த "சேர்த்து" என்ற சொல்லுக்காகவே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடத்துக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். சீட்டில் டிடிஜி ஐஜிஏ மட்டும் எழுதியிருந்தது. எடுத்தோம், நெகட்டிவ். வீட்டில் நிம்மதியாகப் போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து அதே பையன் இன்னும் இளைத்து வந்தான். வேறொரு மருத்துவர் மொத்த ஐஜிஏ கேட்டிருந்தார். அவன் உடம்பில் ஐஜிஏ என்பதே இல்லை என்று சொல்லும்படி இருந்தது அளவு. ஐஜிஏவே இல்லாத உடம்பில் டிடிஜி ஐஜிஏ எப்படிப் பாசிட்டிவ் ஆகும்? பிறகு ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடிக்கான பரிசோதனை, குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று போய் சீலியாக் உறுதியானது. அந்த ஒன்றரை வருட வளர்ச்சி அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, சீட்டில் மொத்த ஐஜிஏ இல்லையென்றால் ரத்தம் எடுக்கும் முன் மருத்துவருக்கு நானே போன் செய்து கேட்டுவிடுகிறேன். ஒரே குழாய் ரத்தத்தில் இரண்டையும் பார்க்கலாம், குழந்தைக்குக் கூடுதல் குத்து இல்லை. ஐஜிஏ குறைபாடு உள்ளவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பும் மற்றவர்களை விட அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று வயதுக்கு மேல், ஐஜிஏ டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே என்றால் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, எண்ணைப் பார்த்து அலற வேண்டாம். ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கிட்டில் நார்மல் உச்ச அளவு 20, இன்னொன்றில் 10, வேறொன்றில் 7. ஒரு லேபில் வந்த 60 இன்னொரு லேபில் வந்த 60 ஆகாது. உச்ச அளவைப் போல் எத்தனை மடங்கு என்பதே கணக்கு. 20 உச்சமாக இருக்கும் லேபில் 60 என்றால் மூன்று மடங்கு, 7 உச்சமாக இருக்கும் லேபில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பத்து மடங்கு என்ற எல்லை ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

இரண்டாவது வழி: ஈஎம்ஏ

ஈஎம்ஏ என்றால் எண்டோமைசியல் ஆன்டிபாடி. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். குரங்கின் உணவுக்குழாயிலிருந்தோ மனிதத் தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த மெல்லிய திசுத் துண்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டில், குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விடுகிறோம். ஆன்டிபாடி இருந்தால் திசுவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஒளிரும் சாயம் ஏற்றி, இருட்டறையில் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் என்றால் தசை இழைகளைச் சுற்றிப் பச்சையாக ஒரு தேன்கூடு எரியும். பயிற்சிக்குப் போயிருந்தபோது முதல் முறை பார்த்தேன், இன்னும் கண்ணில் நிற்கிறது.

இது பாசிட்டிவ் என்றால் நோய் இல்லாமல் இருப்பது மிக அரிது. அதுதான் இதன் பலம். பலவீனம், பார்ப்பவர் கண்ணை நம்பியிருக்க வேண்டும். மங்கலான ஒளியை ஒருவர் பாசிட்டிவ் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இயந்திரத்தில் நூறு சாம்பிள் ஓட்டுவதைப் போல் ஓட்ட முடியாது. சின்ன லேபுகளில் இருக்காது. சாம்பிளைப் பெரிய லேபுக்கு அனுப்புவார்கள், அங்கே வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மொத்தமாகச் செய்வார்கள், பதில் வர நாளாகும். இதுவும் ஐஜிஏ வகைதான் என்பதால் ஐஜிஏ குறைபாடு உள்ள குழந்தைக்கு இதுவும் பயன்படாது.

ஆக, முதல் கேள்வி கேட்க இது ஏற்றதில்லை. டிடிஜி தந்த பதிலை உறுதி செய்யத்தான் இது. அந்த எஸ்ப்கான் வழிகாட்டியில் இதற்கு இருக்கும் இடமும் அதுவே: டிடிஜி ஐஜிஏ உச்ச அளவைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த இரண்டாவது ரத்தத்தில் ஈஎம்ஏவும் பாசிட்டிவ் என்றால், பெற்றோரும் சம்மதித்தால், பயாப்ஸி இல்லாமலேயே சீலியாக் என்று முடிவு செய்யலாம். 2012-ன் பழைய வழிகாட்டி இதற்கு எச்எல்ஏ என்ற மரபணுப் பரிசோதனையும் அறிகுறிகளும் வேண்டும் என்றது, புதியது அந்த இரண்டையும் கட்டாயமாக்கவில்லை. இரண்டாவது ரத்தம் எதற்கு என்று கேட்பார்கள். சாம்பிள் மாறிப்போவது, பெயர் மாறிப்போவது எல்லா லேபுகளிலும் நடக்கக்கூடியது. ஒரு குழந்தையின் வாழ்நாள் சாப்பாட்டைத் தீர்மானிக்கிற விஷயத்தில் இன்னொரு குத்து அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது வழி: டிஜிபி ஐஜிஜி

குளூட்டனின் ஒரு பகுதியான கிளையாடின் குடலில் உருமாறிய பிறகு (டீஅமிடேட்டட் கிளையாடின் பெப்டைட், சுருக்கமாக டிஜிபி) அதற்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி இது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதுதான் நல்லது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அந்த வயதுக்கும் டிடிஜியே முதலில். ஐஜிஏ குறைபாடு இருக்கிற குழந்தைக்கு இது, அல்லது டிடிஜியின் ஐஜிஜி வகை, கட்டாயம் தேவைப்படும். அந்தக் குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் பயாப்ஸியும் வேண்டும், பத்து மடங்குக் குறுக்குவழி கிடையாது. ஐஜிஏ சரியாக இருக்கும் குழந்தைக்கு இதையும் சேர்த்து எடுத்தால், டிடிஜி நெகட்டிவ், இது மட்டும் கொஞ்சம் பாசிட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். பேனலில் உள்ள ஆபத்து இதுதான்.

நான்காவது வழி: எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை

சீலியாக் வருபவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை இருக்கும். இரண்டும் இல்லை என்றால் நோய் இல்லை என்று ஏறக்குறைய தள்ளிவிடலாம். இருந்தால்? பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்று பேரில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் ஒருநாளும் வருவதில்லை. இதுதான் பட்டியலிலேயே விலை அதிகம். டிடிஜியைப் போல் பல மடங்கு கேட்கும் லேபுகள் உண்டு.

ஆனால் ஒரு நிலைமையில் மற்ற எதுவும் செய்ய முடியாததை இது செய்யும். கோதுமையை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது, மறுபடி கொடுக்க வீட்டுக்குப் பயம் என்று ஒரு குழந்தை வந்தால், சாப்பாட்டால் மாறாத இந்த ஒரு பரிசோதனைதான் உதவும். இல்லை என்று வந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது.

வேண்டாத இரண்டு

கிளையாடின் ஆன்டிபாடி என்ற பழைய பரிசோதனை இன்னும் சில பட்டியல்களில் இருக்கிறது. பெயர் டிஜிபி மாதிரி இருப்பதால் குழம்புகிறார்கள். அது காலாவதியான ஒன்று, சீலியாக்கைக் கண்டுபிடிக்க இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. அதைப் போலவே, நூறு உணவுக்கு ஐஜிஜி பார்க்கிறோம் என்று விற்கப்படும் பேனல். அதில் ஐஜிஜி இருக்கிறது என்றால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத் தவிர பெரிதாக எதுவும் தெரியாது. அந்தப் பணத்துக்குக் குழந்தைக்கு ஒரு மாத முட்டையும் பாலும் வாங்கலாம்.

ஐந்தாவது வழி: பரிசோதனையே இல்லாமல் நிறுத்திப் பார்ப்பது

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். காசில்லாத வழி, குழந்தைக்கு ஊசி இல்லை, பலன் தெரிந்தால் போதும் என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பலன் தெரிவது சீலியாக்குக்கு ஆதாரம் ஆகாது. கோதுமையிலேயே வாயு உண்டாக்கும் வேறு மாவுச்சத்துகள் இருக்கின்றன. பிஸ்கட்டும் பன்னும் போய் வீட்டுச் சாப்பாடு வந்தாலே பல குழந்தைகளின் வயிறு சரியாகும். உண்மையில் சீலியாக் இருந்தால் அது வாழ்நாள் முழுவதற்குமான கட்டுப்பாடு. பரிசோதனையில் உறுதியாகாத ஒன்றைப் பத்து வயதுப் பையன் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிப்பானா? பிறந்தநாள் கேக் வந்ததும் சாப்பிட்டுவிடுவான்.

பின்னால் உறுதி செய்ய வேண்டுமென்றால் மறுபடி பல வாரம் கோதுமை கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குள்ளும் பருவமடையும் வயதிலும் அப்படித் திரும்பக் கொடுப்பதை நிபுணர்கள் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறார்கள், வளர்ச்சி பாதிக்கும் என்பதால். இன்றைக்கு மிச்சமாகும் ஊசி, பிறகு அவ்வளவு பெரிய வேலையாகித் திரும்பி வரும்.

பயாப்ஸி: ரத்தத்துக்குப் பிறகு

எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து துளித் துளியாகத் திசு எடுப்பார்கள். ஒரு துண்டு போதாது. குடலில் பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் குறைந்தது ஐந்து, அதில் ஒன்றாவது குடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். குழந்தைக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். வலி பெரிதாக இல்லை. பெற்றோருக்கு இருக்கும் பயம்தான் பெரிது, அது எனக்குப் புரிகிறது. டிடிஜி பத்து மடங்குக்குக் கீழே பாசிட்டிவ் என்றால் இதைத் தவிர்க்க வழியில்லை. அதற்கு ஒரு காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

ராயபுரத்துக் குழந்தையும் சௌகார்பேட்டைக் குழந்தையும்

2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரம் பெரியவர்களுக்கு மேல் பரிசோதித்தார்கள். தெற்குக்கு நம் வேலூர்ப் பக்கம். வட இந்தியாவில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்குச் சீலியாக், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு 0.11. டிகியூ2, டிகியூ8 மரபணு மட்டும் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம் என்று ஏறக்குறைய சமம். கோதுமைதான் வித்தியாசம்: அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் சாப்பிட, இங்கே 25 கிராம்.

இப்போது ஒரு கணக்கு. நோய் இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். வடக்கே பத்தாயிரம் பேருக்கு எடுத்தால் நிஜமான நோயாளிகள் சுமார் 85, பொய்யான பாசிட்டிவ் சுமார் 200. தெற்கே பத்தாயிரம் பேருக்கு எடுத்தால் நிஜம் ஒன்று, பொய் அதே 200. பரிசோதனை ஒன்றுதான், கிட் ஒன்றுதான். அதன் பாசிட்டிவுக்கு அர்த்தம் மட்டும் ஊரைப் பொறுத்து இவ்வளவு மாறிவிடுகிறது.

வட சென்னை இந்த இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம். சௌகார்பேட்டை மின்ட் தெருவைச் சுற்றி மூன்று வேளையும் ஃபுல்காவும் கச்சோரியும் சாப்பிடும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. எண்ணூர், மணலிப் பக்கம் வேலைக்கு வந்த பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டு தெரு தள்ளினால் இட்லியும் மீன்குழம்பும் சோறும். என் கவுண்டரில் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே டிடிஜி எண் வந்தாலும், மருத்துவர் அதைப் படிக்கும் விதம் வேறாக இருக்கலாம். சும்மா ஒரு செக்கப் என்று எடுத்து லேசாகப் பாசிட்டிவ் வந்த ராயபுரத்துக் குழந்தைக்கு, உறுதி செய்யாமல் கோதுமையை வாழ்நாள் முழுக்க விலக்கக் கூடாது.

அதற்காக, நம் பிள்ளைகளுக்கு வராது என்றும் இருந்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு சும்மா நிற்கும் ஆட்களுக்கானது. அறிகுறியோடு வரும் குழந்தை வேறு கணக்கு. காசிமேட்டுப் பையனை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் சாப்பாடும் பழைய மாதிரி இல்லை. அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை மாவு, பள்ளிக் காலை உணவில் ரவை உப்புமா, சேமியா, சாயங்காலம் பன், ராத்திரி பரோட்டா, பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். இன்னொன்றும் உண்டு: இந்த ஊரில் வயிற்றுப்போக்குக்கும் இளைப்புக்கும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, பூச்சித் தொல்லை, குடல் காசநோய் போன்ற காரணங்கள் சீலியாக்கை விட அதிகம் பார்க்கிறோம். சிலவற்றில் குடலின் நுண்விரல்களும் தேயும். அதனால் ரத்தம் இல்லாமல் பயாப்ஸியை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பரிசோதனை | பலம் | ஏமாற்றும் இடம் | பொருத்தமான நேரம் |
|---|---|---|---|
| டிடிஜி ஐஜிஏ + மொத்த ஐஜிஏ | தவறவிடுவது குறைவு, எங்கும் கிடைக்கும் | கோதுமை நிறுத்தியிருந்தால். லேசான பாசிட்டிவ் | எல்லோருக்கும் முதலில் |
| ஈஎம்ஏ | பாசிட்டிவ் என்றால் நம்பலாம் | பார்ப்பவர் கண், ஐஜிஏ குறைபாடு | டிடிஜி பாசிட்டிவ் ஆன பிறகு, இரண்டாவது ரத்தத்தில் |
| டிஜிபி ஐஜிஜி | ஐஜிஏ இல்லாவிட்டாலும் வேலை செய்யும் | தனியாகப் பாசிட்டிவ் வந்தால் குழப்பம் | ஐஜிஏ குறைபாட்டில் |
| எச்எல்ஏ | இல்லை என்றால் நோயைத் தள்ளலாம் | இருக்கிறது என்றால் பெரிதாக ஒன்றும் தெரியாது | கோதுமை ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கு |

ரசீதில் வராத செலவு

ஈஎம்ஏவுக்காக இரண்டாவது முறை வருவது அப்பாவுக்கு ஒரு நாள் கூலி. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. டிடிஜி எடுத்த அன்றே கேட்டு, எந்த நாளில் ஈஎம்ஏ ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கு முந்தின நாள் வந்தால் அலைச்சல் குறையும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையிலோ முதலில் காட்டி, அங்கேயே எதெது செய்ய முடியும் என்று கேட்டுவிட்டு, இல்லாததை மட்டும் வெளியே எடுப்பது நல்லது. பலர் வெளியே எல்லாம் எடுத்துவிட்டு அப்புறம் அங்கே போய் மறுபடி எடுக்கிறார்கள்.

தப்பான பாசிட்டிவுக்கு இன்னும் பெரிய விலை. கோதுமையை விலக்குவது என்றால் சப்பாத்தியை நிறுத்துவதோடு முடியாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், நம் சாம்பாரிலும் ரசத்திலும் அது தினமும் விழுகிறது. மால்ட் பானங்களில் பார்லி. மாவு மில்லில் முன்னால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே நம் அரிசி மாவும் மிளகாய்த் தூளும் அரைபடும். ஒரு குழந்தைக்காகக் குடும்பமே சமையலறையை மாற்ற வேண்டும். நோய் உறுதி என்றால் அதைச் செய்யத்தான் வேண்டும், நம்மால் முடியும்: இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு எல்லாம் நம் கையில் இருக்கின்றன. நோய் இல்லாத குழந்தைக்கு அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

யாருக்கு எது

அறிகுறி இருக்கிறது, கோதுமை சாப்பிடுகிறது என்றால்: டிடிஜி ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும், அவ்வளவுதான். பேனல் வேண்டாம். தண்டையார்பேட்டைத் தாய்க்கு நான் சொன்னது இதுவே.

இட்லி, சோறு தவிர எதுவும் தொடாத குழந்தை என்றால், முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் வழிகாட்டி ஒன்று, பரிசோதனைக்கு முன் ஆறு வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஒரு பிஸ்கட் சாப்பிட்ட குழந்தையின் நெகட்டிவை முழுதாக நம்ப முடியாது.

டைப் 1 சர்க்கரை நோய், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், வீட்டில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியானால் அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும் இதே இரண்டும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு டிடிஜி லேசாக ஏறி, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தானாக இறங்குவதும் உண்டு. அவசரப்படாமல் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் குழந்தை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், ஆன்டிபாடியை அது அமுக்கிவிடலாம்.

நோய் உறுதியாகி உணவு மாற்றிய பிறகும் டிடிஜி தேவைப்படும், அளவு இறங்குகிறதா என்று பார்க்க. ஒரே லேபில், ஒரே கிட்டில் எடுங்கள். முழுதாக இறங்க ஒன்றிரண்டு வருடம் கூட ஆகும்.

தண்டையார்பேட்டைக் குழந்தைக்கு டிடிஜி உச்ச அளவைப் போல் நான்கு மடங்கு, ஐஜிஏ சரியாக இருந்தது. பயாப்ஸிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "அதுவரைக்கும் பிஸ்கட்டை நிறுத்திடவா அக்கா?" என்று அந்தத் தாய் போனில் கேட்டாள். வேண்டாம், அன்றைக்கு வரை வழக்கம்போல் கொடு என்றேன். பயாப்ஸிக்கு முந்தின ராத்திரி எதுவரை சாப்பிடலாம் என்பதை மட்டும் அங்கே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.